புதுப் பிள்ளை வந்திருக்கு, டீச்சர்!

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாசலிலிருந்து இந்தக் குரல் கேட்கும். மூன்றாம் வகுப்புப் பையன்கள்தான் முதலில் ஓடிவந்து சொல்வார்கள். எட்டிப் பார்த்தால் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். அது நம் முகத்தைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். கையில் குச்சி இருக்கிறதா என்று.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்க்கை நாள் என்றால் பலூன், மாலை, கிரீடம், செல்போனில் ஒரு போட்டோ என்று ஆகிவிட்டது. செய்யுங்கள், பெற்றோர் மகிழ்வார்கள். ஆனால் அந்த மேளச் சத்தத்திலேயே மிரண்டு அழுத குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தை படிப்பை நினைத்துப் பயப்படுவதே இல்லை. ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவது, சோறு யார் போடுவார்கள், அம்மா எப்போது வருவாள்? அதன் பயமெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்ட குழந்தை மெல்ல அடங்கி உட்காரும். முதல் வாரம் முழுக்க நமக்கு வேறு வேலை இல்லை, அதைத் தெரிய வைப்பதுதான்.

எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

பணியில் சேர்ந்த முதல் ஆண்டு ஒரு பையனுக்குத் தொடர்ந்து மூன்று நாள் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தேன். பையன் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியும் அனுப்பினேன். நாலாம் நாள் காலையில் அவன் பாட்டி நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். "தினம் நாந்தானுங்க கொண்டுவந்து உட்டுட்டுப் போறேன், இங்கதான உக்காந்திருக்கான்!" இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் அவனுக்கே தெரியாது. வீட்டிலும் அவன் குட்டி, பால்வாடியிலும் குட்டி. நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து மூன்று நாளும் பேசாமல் இருந்திருக்கிறான். அந்த மூன்று நாளும் அந்த வகுப்பில் அவன் இல்லாத பிள்ளையாக இருந்தான் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

அதனால், படிவம் நிரப்பும்போதே "வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டு, பதிவேட்டில் பென்சிலால் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். "குட்டி, உன்னோட பள்ளிக்கூடத்துப் பேரு இது, இதைக் கூப்பிட்டா 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும்" என்றால் விளையாட்டுப் போலப் பிடித்துக்கொள்வார்கள்.

வெளி மாநிலப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எமிஸ் இணையத்தளத்தில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து நாம் வாசிப்பது பெரும்பாலும் தப்பாக இருக்கும். நாம் ஒரே 'ப' வைத்து எழுதுகிற இடத்தில் இந்தியிலும் ஒடியாவிலும் நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். அப்பாவையோ அக்காவையோ இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். "இது வாயில நுழையல, நாம ராஜானு கூப்பிடலாம்" என்று பெயரை மாற்றிவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். பாசத்தோடு செய்வதுதான். ஆனாலும் வேண்டாம். ஊரையும் பாட்டியையும் விட்டுவிட்டு வந்த பிள்ளையிடம் மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான்.

முதல் ஒரு மணி நேரம்

கழிப்பறையை முதலில் காட்டுங்கள். வகுப்பறைக்கும் முன்னால். கூட்டிப்போய், கதவை மூடித் திறந்து காட்டி, குழாய் எது, மக்கு எங்கே இருக்கும் என்று சொல்லி, வேண்டுமானால் அங்கேயே ஒரு தடவை போகச் சொல்லிவிட்டு வாருங்கள். திறந்தவெளியில் போய்ப் பழகிய பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட இருட்டறை பெரிய பயம். முதல் மாதம் தாழ்ப்பாள் போட வேண்டாம், துணைக்கு வந்த பிள்ளை வெளியே நிற்கட்டும். சுண்டு விரலைக் காட்டினால் போதும், நான் தலையாட்டுவதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று என் வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன். அனுமதி கேட்க வெட்கப்பட்டு அடக்கி வைத்திருக்கும் பிள்ளையின் காதில் உயிரெழுத்து எப்படி ஏறும்?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் நனைத்துவிடும். அதற்குத் தயாராக இருங்கள். என் பீரோவின் அடித்தட்டில் துவைத்த பழைய பாவாடை இரண்டு, டிரவுசர் இரண்டு எப்போதும் இருக்கும். தரையில் ஈரம் தெரிந்த உடனே பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை நானே தட்டிவிடுவேன். "ஐயோ, டீச்சர் தண்ணியக் கொட்டிட்டேன், எல்லாரும் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிப்போய்விடலாம். ஒன்றாம் வகுப்பில் விழுந்த ஒரு பட்டப்பெயர் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

அடுத்தது சோறு. அரசுத் தொடக்கப் பள்ளியில் புதுக் குழந்தை முதலில் சந்திக்கும் ஆள் இப்போது பெரும்பாலும் ஆசிரியர் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ தட்டில் விழுந்துவிடும். அதைப் பரிமாறுகிற மகளிர் குழு அக்காவிடமும் மதியச் சத்துணவு ஆயாவிடமும் முதல் நாளே குழந்தையைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அவர்கள் "வா கண்ணு" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் நம் பாதி வேலை முடிந்தது. முட்டை சாப்பிடுமா என்று அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு ஆயாவிடம் சொல்லிவிடுங்கள்; சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. தட்டில் முட்டையைப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல், எல்லோரும் எழுந்துபோன பிறகும் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்த பிறகுதான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

அம்மா போகும் நேரம்

"நீங்க அப்படியே நைசா போயிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். தப்பு. திரும்பிப் பார்க்கும்போது அம்மாவைக் காணாத குழந்தை மறுநாள் வாசலிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அம்மா சொல்லாமல் போய்விடுவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டே போகட்டும். எப்போது வருவாள் என்பதைக் கடிகாரத்தில் சொல்லாமல் நடப்பதை வைத்துச் சொல்லட்டும்: "சோறு சாப்பிடுவ, விளையாடுவ, தூங்கி எந்திரிப்ப, பெல் அடிக்கும், அம்மா கேட்டுக்கிட்ட நிப்பேன்." சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும். வேலைக்குப் போகிற அம்மாவால் முடியாதென்றால் யார் வருவார்களோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் இந்த ஒரு வாக்கு தவறினால் அழுகை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அம்மா போன பிறகு நாளின் வரிசையை நாமும் அதே வார்த்தைகளில் அடிக்கடி சொல்ல வேண்டும். என் வகுப்புச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், ஐந்து படங்கள் ஒட்டியிருக்கும்: தட்டு, சிலேட்டு, பந்து, பாய், மணி. ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு பிள்ளை போய்த் துணி கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றும். அழுதுகொண்டிருக்கும் குழந்தை அந்தக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாய் படத்துக்கு வந்ததும் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

பெற்றோரிடம் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாப்பிடாவிட்டால், குறும்பு செய்தால் "இரு, மிஸ் கிட்ட சொல்லிடறேன், அடிப்பாங்க" என்று வீட்டில் மிரட்டும் பழக்கம் ஏப்ரல் மாதமே நிற்க வேண்டும். பூச்சாண்டியாக நம்மைக் காட்டிவிட்டுக் காலையில் நம்மிடமே விட்டுவிட்டுப் போனால் குழந்தை என்ன செய்யும்? அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை என்பதை நாமும் மறக்கக் கூடாது, பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

துணைப் பிள்ளை

புதுப் பிள்ளைக்குத் துணையாக வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளையை உட்கார வைப்பது வழக்கம். நான் போன ஆண்டு அதிகமாக அழுத பிள்ளையைத் தேர்ந்தெடுப்பேன். அதற்குத்தான் எல்லாம் நினைவிருக்கும்: எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், எந்த அண்ணன் தள்ளிவிடுவான், மதியம் தூங்க எந்த மூலை நல்லது. "நானும் அழுதேன், அப்புறம் சரியாயிடுச்சு" என்று அது சொல்வதற்கு முன்னால் நம் ஆறுதல் எடுபடாது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஒரே பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள். துணைப் பிள்ளைக்கும் தன் கூட்டாளிகளோடு ஓட வேண்டும். இரண்டாம் வாரம் வேறு ஒருவர், மூன்றாம் வாரம் இன்னொருவர் என்று மாற்றினால் புதுப் பிள்ளைக்கு மூன்று பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

கடைசி வரிசையில் தனியாக உட்கார வைக்காதீர்கள். சீருடை இல்லாத பிள்ளையை ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். அரசு தரும் விலையில்லாச் சீருடை கைக்கு வரச் சில வாரம் ஆகும், அதுவரை கலர்ச் சட்டையில்தான் வரும் என்று வகுப்பில் எல்லோரிடமும் பொதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. "அப்பா என்ன வேலை செய்யறார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதை நான் விட்டுவிட்டேன். அப்பா இல்லாத பிள்ளை, அப்பா விட்டுப்போன பிள்ளை, அப்பா வேலையைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று ஐந்து வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை, மூவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். சாதிச் சான்றிதழ் பற்றிய பேச்சு பெற்றோரிடம், அலுவலக அறையில், தாழ்ந்த குரலில். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்ற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். உட்காரும் வரிசையும் சாப்பிடும் வரிசையும் தெருவாரியாகப் பிரிகிறதா என்று முதல் வாரத்திலேயே கவனியுங்கள். பிரிந்தால் அன்றைக்கே கலையுங்கள். ஒரு மாதம் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

பேச்சு பிடிபடாத பிள்ளை

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகள், திருவள்ளூரில் செங்கல் சூளைகள் என்று வெளி மாநிலக் குடும்பங்கள் வேலைக்கு வரும் இடங்களில் வகுப்புக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளாவது தமிழ் தெரியாமல் வந்து உட்காரும். உள்ளூரிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைகள் உண்டு. மலைப் பள்ளிகளில் இருளர், குறும்பர் பிள்ளைகள் தங்கள் மொழியோடு வருவார்கள். இவர்களை வைத்து ஒன்று புரிந்துகொண்டேன்: பேசாத பிள்ளை தெரியாத பிள்ளை இல்லை. மாதக்கணக்கில் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் சண்டையில் அச்சு அசலான கொங்குத் தமிழில் திட்டிய ஒரு பீகார்ச் சிறுமி என் வகுப்பில் இருந்தாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

அதுவரை நாம்தான் அவர்கள் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர், பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா வருவார், பயப்படாதே. தண்ணீருக்கு இந்தியில் பானி, ஒடியாவில் பாணி. பசிக்கு இந்தியில் பூக், ஒடியாவில் போக. அக்காவோ அண்ணனோ மேல் வகுப்பில் இருந்தால் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொழி தேவையில்லாத விளையாட்டுகளை முதலில் வையுங்கள்: பாண்டி, கோலி, பந்து. "இந்திக்காரன்", "சேட்டு" என்ற கூப்பாடு முதல் தடவை காதில் விழும்போதே நிறுத்துங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் கொஞ்சம் உண்டு. நாம் மேடைத் தமிழில் "அனைவரும் அமருங்கள், நீர் அருந்துங்கள்" என்றால் பால்வாடியிலிருந்து வந்த பிள்ளை விழிக்கும். முதல் இரண்டு மாதம் அதன் வீட்டுப் பேச்சிலேயே பேசுங்கள். எழுத்துத் தமிழ் பாடப் புத்தகத்தின் வழியாக மெதுவாக வரட்டும்.

இன்னொரு வகைப் புதுப் பிள்ளை எட்டு வயதில் முதல் தடவையாகப் பள்ளிக்கு வரும். சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி அதை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், ஒன்றாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இல்லை. அது சரியான ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து 'அ' தெரியாமல் தவிக்கிற அவமானத்தை நாம்தான் மறைத்துக் காப்பாற்ற வேண்டும். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தும் முறை இதற்கு உதவும். அரும்பில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், இந்தப் பிள்ளை தனியாகத் தெரியாது. முதல் மாதம் எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றைக் கொடுங்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் முப்பது பேரையும் ஒரு பார்வையில் எண்ணி யார் வரவில்லை என்று சொல்லிவிடுவான். காலை வருகைக் கணக்கை அவனிடம் கொடுத்தேன். அதன் பிறகு அவன் ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை.

டோட்டோ-சான் படித்த ஆசிரியர்களுக்கு, புதிதாகச் சேர வந்த சிறுமி பேசுவதைத் தலைமை ஆசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு, நடுவில் எமிஸ் பதிவும் செய்கிற நமக்கு அது முடியாது. நான்கு நிமிடம் முடியும். மதியச் சாப்பாட்டின்போது புதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நாமும் சாப்பிட்டால் போதும். கேள்வி கேட்க வேண்டாம். ஆட்டுக்குட்டி போட்ட கதை, தம்பி பாப்பா கடித்த கதை எல்லாம் தானாக வரும். ஒரு வாரத்தில் அந்தக் குடும்பமே நமக்குத் தெரிந்துவிடும்.

நடு ஆண்டில் வருபவர்கள், நடு ஆண்டில் போகிறவர்கள்

ஜூனில் வருகிற பிள்ளைக்குக் கூட அழ இருபது பேர் இருப்பார்கள். ஜனவரியில் வருகிற பிள்ளை தனியாக அழ வேண்டும். சூளை வேலை, கரும்பு வெட்டு என்று குடும்பம் இடம் மாறும்போது பிள்ளைகளும் மாறுகிறார்கள். அப்படி வரும் பிள்ளையை "டிசி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்க 14ஆம் பிரிவு தடை. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்க 15ஆம் பிரிவு தடை. எமிஸில் பழைய பள்ளி விடுவிக்காமல் இருந்தால் அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்யுங்கள், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சொல்லுங்கள். அதெல்லாம் நடக்கும்போது பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும், மதியம் சாப்பிடட்டும். ஒரு சூளைப் பருவத்தில் ஒரு மாதம் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியே மிச்சம் இருக்காது.

நடு ஆண்டில் வந்தவருக்கு ஒரு கூடுதல் வேலை: மற்றவர்கள் பழகிவிட்ட எல்லாவற்றையும் அவருக்காக மீண்டும் ஒரு தடவை சொல்வது. ஐந்து படம், துணி கிளிப், சுண்டு விரல். இதை நான் சொல்வதில்லை. வகுப்பைச் சொல்லச் சொல்வேன். "நம்ம வகுப்புல என்னென்ன பண்ணுவோம்னு இவளுக்குச் சொல்லுங்க" என்றால் முப்பது பேரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள்.

போகிற பிள்ளைக்கும் செய்ய வேண்டியது உண்டு. பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் இடம் காலியாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் ஒரு கவரில் அதன் எமிஸ் எண், அது வரைந்த ஒரு படம், பாடத்தில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, இவற்றோடு அடுத்த ஆசிரியருக்கு ஐந்து வரியில் ஒரு சீட்டு வைத்து அனுப்புகிறேன். வீட்டுப் பெயர் என்ன, எது சாப்பிடாது, எதற்குப் பயப்படும், எதில் கெட்டி, யாரோடு உட்கார வைத்தால் பேசும். அந்தச் சீட்டு யார் கைக்காவது போய்ச் சேர்ந்ததா என்று பல ஆண்டுகள் எனக்குத் தெரியாமலே இருந்தது.

போன ஜனவரியில் ஒரு குடும்பம் வந்தது. கையில் டிசி இல்லை. ஆறு வயதுப் பையன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். வேர்வையில் மை கலங்கியிருந்தது. எந்த ஊர் ஆசிரியரோ, பெயர் போடவில்லை. "இவனை வீட்டில் சின்னு என்பார்கள். இடது காது சரியாகக் கேட்காது. முன்னால், வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். யானைக் கதை சொன்னால் அழுகையை நிறுத்துவான்."

ஜன்னலோரம், முதல் வரிசை, என் மேசை அவனுக்கு வலது பக்கம் வரும்படி இடம் ஒதுக்கினேன்.